சர்வர் படுத்துவிட்டால்: ரீஸ்டார்ட்டா, ரோல்பேக்கா, லாகா?

தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் ஓர் இணையச் சமூகத்தின் சர்வர் நின்றுபோனால், நிர்வாகிகள் மத்தியில் மூன்று குரல்கள் தப்பாமல் எழும். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, சரியாயிடும்" என்பார் ஒருவர். "நேத்து ராத்திரி போட்ட அப்டேட்தான் காரணம், பழசுக்கே திரும்பிடலாம்" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "யாரும் எதையும் தொடாதீங்க, லாக் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று எழுதிவிட்டு, சர்வர் தன் நடப்புகளை எழுதிவைக்கும் குறிப்பேடான லாகுக்குள் அரை மணி நேரம் காணாமல் போவார்.

மூன்று பேரிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் இடத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இன்று பழுது பார்த்தவர் அடுத்த முறை இருப்பார் என்று சொல்ல முடியாது. பரீட்சை வந்திருக்கும், குழந்தை பிறந்திருக்கும், ஆர்வமே வடிந்திருக்கும். அதனால் தளம் எவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தது என்பதை மட்டும் வைத்து இந்த வழிகளை எடைபோட்டால் போதாது. அடுத்து வருகிறவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ரீஸ்டார்ட்டை இளக்காரமாகப் பேசுவது விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அவ்வளவு இளக்காரம் வேண்டியதில்லை. டிஸ்க் நிரம்பிவிட்டது என்று ஒருவர் பல ஜிபி அளவுள்ள லாக் ஃபைலை அழிக்கிறார் என்று வையுங்கள். அழித்த பிறகும் காலி இடம் கூடவில்லை. லினக்ஸில் ஒரு ஃபைலை ஏதாவது ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும்வரை, பட்டியலிலிருந்து அதன் பெயர் போனாலும் இடம் விடுபடாது. அந்த புரோகிராமை ரீஸ்டார்ட் செய்ததும் இடம் திரும்பக் கிடைத்துவிடும். மெமரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே போகும் புரோகிராமுக்கும் அப்படித்தான். மூலக் காரணம் பிடிபடும்வரை தினமும் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் தானாக ஒரு ரீஸ்டார்ட் நடக்கும்படி வைப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். ரீஸ்டார்ட் தடயத்தைத் துடைத்துவிடும். புரோகிராம்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள பல லினக்ஸ் மெஷின்களில், லாக் எழுதும் ஜர்னல் என்ற பகுதியின் இயல்பு அமைப்பு என்ன தெரியுமா? அதற்கென்று டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் இருந்தால் அங்கே எழுதும். இல்லாவிட்டால் மெமரியில் மட்டும் வைத்துக்கொள்ளும். அந்த ஃபோல்டர் இல்லாத மெஷினை ரீபூட் செய்தால், ஏன் விழுந்தது என்று சொல்லக்கூடிய அந்தக் கடைசி வரிகள் மொத்தமாகப் போய்விடும். புரோகிராமைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் டாக்கரில் இயங்கும் தளம் என்றால் இன்னொரு கண்ணி. கன்டெய்னரை ரீஸ்டார்ட் மட்டும் செய்தால் அதன் லாக் அப்படியே இருக்கும். பல கன்டெய்னர்களைச் சேர்த்து நிர்வகிக்கும் காம்போஸில் 'டவுன்' கொடுத்து மறுபடி 'அப்' கொடுத்தால், வழக்கமான அமைப்பில் பழைய கன்டெய்னரோடு அதன் லாகும் சேர்ந்து அழியும். அவசரத்தில் இரண்டுமே ஒன்றுதான் என்று நினைத்துக் கை தானாக இரண்டாவதைத்தான் அடிக்கும். டேட்டாபேஸில் எந்தக் கேள்வி (தகவல் கேட்டு ஆப் அனுப்பும் கோரிக்கை) எவ்வளவு நேரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது என்பதும் ஓடும் நிலையில் மட்டுமே தெரியும். நிறுத்திவிட்டால் அதுவும் காலி.

இப்படித்தான் சில தளங்கள் மாதக்கணக்கில் 'அப்பப்போ விழும், ரீஸ்டார்ட் பண்ணா எழுந்துடும்' என்ற நிலையிலேயே ஓடுகின்றன. ஒவ்வொரு முறையும் வேறொருவர் எழுப்பிவிடுகிறார், ஒவ்வொருவருக்கும் அது முதல் தடவை.

என் கணக்கில் ரீஸ்டார்ட் கெட்ட வழி இல்லை. வெறும் ரீஸ்டார்ட்தான் கெட்ட வழி. தட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, டிஸ்க்கில் மிச்ச இடம், மெமரி நிலை, டேட்டாபேஸில் ஓடும் கேள்விகளின் பட்டியல், லாகின் கடைசி இருநூறு வரி ஆகியவற்றை ஒரு ஃபைலில் கொட்டி, அந்த சர்வருக்கு வெளியே ஓரிடத்தில் வைத்துவிட்டால் போதும். இதை ஒரே கட்டளையில் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட்டை எழுதி வைத்திருக்கும் குழு, மற்றக் குழுக்களைவிட ஒரு படி மேலே.

ரோல்பேக், அதாவது பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது பற்றிப் பேசுவோம். நேற்று ஒன்றை மாற்றினோம், இன்று உடைந்தது என்றால் சந்தேகம் அந்த மாற்றத்தின் மேல் விழுவது இயற்கை. பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ரீஸ்டார்ட்டைவிட இதில் ஒரு நல்ல விஷயம், எது காரணம் என்ற பதில் கூடவே கிடைக்கிறது. பழசுக்குத் திரும்பியதும் சரியானால் குற்றவாளி அந்த அப்டேட்டுக்குள் இருக்கிறான். மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவி வைத்திருப்பவர்கள் அதன் 'பைசெக்ட்' கட்டளை கொண்டு பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகலாம். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துச் சோதனைக்குள் ஆளைப் பிடித்துவிடலாம்.

ஆனால் டேட்டாபேஸ் குறுக்கே வரும். புது வெர்ஷன், டேபிள்களின் அமைப்பையே மாற்றியிருந்தால், புரோகிராமை மட்டும் பழசாக்கினால் அது புது டேபிள்களைப் பார்த்து முழிக்கும். டேட்டாபேஸையும் சேர்த்துப் பின்னுக்கு எடுத்தால், இடையில் மக்கள் எழுதியதெல்லாம் போகும். அது தவிர, பாதுகாப்புக்காக வந்த அப்டேட்டைத் திரும்ப எடுப்பது, பூட்டிய கதவை மறுபடி திறந்து வைப்பது. 2023 ஜூலையில், ட்விட்டர் போன்ற சமூக வலைத்தளத்தை யாரும் தங்கள் சர்வரிலேயே நடத்த உதவும் மென்பொருளான மாஸ்டடானில் ஒரு கடுமையான ஓட்டை அடைக்கப்பட்டது. பதிவோடு சேர்க்கும் மீடியா ஃபைல் வழியாக, சர்வரில் நினைத்த இடத்தில் நினைத்த ஃபைலை உருவாக்க அது வழிவிட்டிருந்தது. 4.1.3 வெர்ஷனைப் போட்ட பிறகு வேறு ஏதோ தொல்லை என்று 4.1.2-க்குத் திரும்புகிறவர், அந்த ஓட்டையையும் கையோடு கூட்டிவருகிறார்.

'பழசுக்குத் திரும்பலாம்' என்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பேக்கப்பைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்பதுதான். புரோகிராம்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று நடந்தது எல்லோருக்கும் பாடம். இரவு நேரத்தில், மாற்று சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை ஒரு பொறியாளர் அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால், டேட்டாபேஸின் வெர்ஷன் 9.6, அதைப் பிரதியெடுக்கும் கருவியோ 9.2. பிரதி எடுக்கும் வேலை சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மெயில்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது, 6 மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்த ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து டேட்டாவின் நகல். சம்பளத்துக்கு ஆள் இருந்த இடத்திலேயே இந்தக் கதை.

ரோல்பேக் முழுக்கவும் தோற்கும் இடம், நாம் எதையும் தொடாமலே உடையும்போது. 2021 செப்டம்பர் 30 அன்று தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் சான்றிதழ்களுக்குப் பின்னணியில் இருந்த ஒரு பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. சான்றிதழைச் சரிபார்க்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 போன்ற பழைய மென்பொருளில் ஓடிய பல மெஷின்கள் அன்றிலிருந்து அந்தச் சான்றிதழ்கள் வைத்த தளங்களை நம்ப மறுத்தன. நேற்று என்ன மாற்றினோம் என்று எவ்வளவு தேடினாலும் பதில் கிடைக்காது. யாரும் எதையும் மாற்றாததுதான் கோளாறு.

இனி லாக். எனக்கு இதில்தான் சாய்வு அதிகம், அதை மறைக்கவில்லை. தளம் திறக்காதபோது பயனர் கண்ணில் படும் பிழை எண்ணே பாதி விடை. 502 வந்தால், முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் உயிரோடு இருக்கிறது, பின்னால் இருக்கும் ஆப் ஒழுங்கான பதில் தரவில்லை. 504 என்றால் பின்னால் ஆள் இருக்கிறார், நேரத்துக்குள் பதில் வரவில்லை. பெரும்பாலும் டேட்டாபேஸோ டிஸ்க்கோ திணறுகிறது. 503 பல சமயம் நாமே பராமரிப்புக்காகப் போட்ட தடை. இந்த மூன்றையும் 'சைட் ஓடல' என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதால் எவ்வளவு நேரம் வீணாகிறது!

அடுத்தது கர்னல் லாக், அதாவது லினக்ஸின் மையப்பகுதி எழுதும் லாக். மெமரி தீர்ந்தால் லினக்ஸ் தானாகவே ஒரு புரோகிராமைத் தேர்ந்து கொல்லும். அதிகம் விழுங்கியவர் தலைதான் பொதுவாக உருளும் என்பதால், பல நேரம் அது டேட்டாபேஸாக இருக்கும். ஆப்பின் லாகில் 'டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தது' என்று மட்டும் நிற்கும். கொன்றது யார் என்பது கர்னல் லாகில் ஒரே வரியில் இருக்கும். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் டேட்டாபேஸ் அமைப்பை மணிக்கணக்கில் நோண்டுகிறவர்கள் உண்டு. டிஸ்க்கிலும் இப்படி ஒரு வேடிக்கை இருக்கிறது. டிஸ்க் இடத்தைக் கணக்கிடும் டிஎஃப் கட்டளை பாதி இடம் காலி என்று காட்டும், ஆனாலும் ஒரு ஃபைல்கூட உருவாகாது. லட்சக்கணக்கான குட்டிக் குட்டிப் படங்கள் சேர்ந்து ஐநோடுகள், அதாவது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடங்கள், தீர்ந்திருக்கும். அதே கட்டளையில் ஐநோடு கணக்கைக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும்.

லாகின் அருமை தெரிய வேண்டுமானால், மெதுவாக விளையும் கோளாறைப் பார்க்க வேண்டும். 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸ் புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அடிப்படை நிரல் தொகுப்பு), எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியை மாற்றியது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 9-லிருந்து 10-க்கு மாறியவர்களிடம் அது ஓசையில்லாமல் வந்து உட்கார்ந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ், தேடலுக்கான அட்டவணைகளான தன் இன்டெக்ஸ்களைப் பழைய வரிசைப்படி அடுக்கி வைத்திருக்க, தேடுவது மட்டும் புது வரிசைப்படி நடந்தது. இருக்கிற பெயரையே 'இல்லை' என்று அது சொல்லும். ஒரே பெயரில் இரண்டாவது கணக்கு உருவாகும். இதற்காகவே மாஸ்டடானில், இரட்டித்த பதிவுகளைச் சரிசெய்யத் தனிக் கட்டளை ஒன்றைச் சேர்க்க வேண்டி வந்தது. இந்த நோய்க்கு ரீஸ்டார்ட்டால் ஒன்றும் ஆகாது. ரோல்பேக் தவறான இடத்தைத் தாக்கும், ஏனென்றால் விதை விழுந்தது எப்போதோ. 'தனித்து இருக்க வேண்டிய மதிப்பு இரண்டு முறை இருக்கிறது' என்று லாகில் திரும்பத் திரும்ப வரும் பிழைதான் வழிகாட்டும்.

2022 நவம்பரில் ட்விட்டரிலிருந்து மக்கள் கூட்டமாக மாஸ்டடானுக்கு வந்தபோது, ஹாக்கிடெர்ம் என்ற தன்னார்வ சர்வர் திணறியது. அப்போது அது ஒரு வீட்டின் நிலவறையில் இருந்த மெஷின்களில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்தது மந்தமும் பிழைப் பக்கங்களும். அளந்து பார்த்தபோது, டிஸ்க்கே மந்தம். படங்கள் அதிலிருந்து நெட்வொர்க் வழியாகப் பரிமாறப்பட்டதால் மற்ற எல்லாமே வரிசையாகக் காத்துக்கிடந்திருக்கின்றன. ஆப்பில் வேலை பார்க்கும் புராசஸ்களை இன்னும் நாலு கூட்டியிருந்தால் வரிசைதான் நீண்டிருக்கும். படங்களை வெளிச் சேமிப்பகத்துக்கு மாற்றி, சர்வரையும் இடம் மாற்றினார்கள். என்ன நடந்தது என்பதை அளவுகளோடு எழுதிப் பொதுவில் வைத்தார்கள். அதைப் படித்தே தங்கள் டிஸ்க்கைச் சந்தேகிக்கக் கற்றவர்கள் இருப்பார்கள்.

லாக் வழிக்கும் விலை உண்டு. சர்வருக்குள் நுழையும் சாவி வைத்திருப்பவர் தூங்கிக்கொண்டிருந்தால் லாக் இருந்தும் பயனில்லை. லாகில் பயனர்களின் ஐபி முகவரியும் மெயில் ஐடியும் கிடக்கும். உதவி கேட்கும் ஆர்வத்தில் அதை அப்படியே எல்லோரும் பார்க்கும் அரட்டையில் ஒட்டுவது ஆபத்து. லாகின் அளவை, சின்ன விஷயத்தையும் விடாமல் எழுதும் 'டீபக்' நிலைக்கு ஏற்றிவிட்டு மறந்துபோய், அந்த லாகே டிஸ்க்கை நிரப்பிய கதைகளுக்கும் பஞ்சமில்லை.

புகாரை எங்கே வாங்குவது என்ற சண்டை ஒன்று தனியாக ஓடும்: அரட்டைக் குழுவா, ஒவ்வொரு புகாரையும் தனியாகப் பதிந்துவைக்கும் டிக்கெட்டா? விழுந்திருக்கும் நேரத்தில் அரட்டை, எழுந்த பிறகு டிக்கெட். இதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை. அரட்டையில் மட்டும் வாழும் தீர்வை அடுத்த மாதம் யாரும் தேடி எடுக்க முடியாது. புகார் சொல்கிறவரிடம் கேட்க வேண்டியது மூன்றுதான்: எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், என்ன எண். விக்கிப்பீடியா ஓடும் மென்பொருளான மீடியாவிக்கியில் அமைந்த தளமாக இருந்தால், முகவரியின் கடைசியில் 'சேஃப்மோட்' அளவுருவைச் சேர்த்துத் திறக்கச் சொல்லலாம். பயனரும் தளமும் சேர்த்த ஸ்கிரிப்ட்டுகள் இல்லாமல் பக்கம் வரும். அப்போது சரியாக வந்தால் சர்வர் பக்கம் போகவே வேண்டாம்.

ஆக, என் வரிசை இது: இரண்டு நிமிடத் தடயம், கடந்த ஒரு நாளில் மாற்றம் ஏதும் நடந்திருந்து, அது டேட்டாபேஸைத் தொடாததாகவும் பாதுகாப்பு அப்டேட் அல்லாததாகவும் இருந்தால் ரோல்பேக், இல்லாவிட்டால் ரீஸ்டார்ட், தளம் எழுந்த பிறகு ஆற அமர லாக். ஒரே கோளாறு இரண்டாவது முறை வந்தால் மட்டும் வரிசை மாறும். அப்போது லாக் முதலில், தளம் இன்னும் ஒரு மணி நேரம் படுத்திருந்தாலும் பரவாயில்லை. யாருடைய பிழைப்பும் அதை நம்பி இல்லாத தளங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் தாங்கும்.

சாவி உள்ளவர் ஒருவரும் எழுந்திருக்கவில்லை என்றால் இந்த மூன்றுமே கிடையாது. அதற்கு முன்கூட்டியே செய்துவைக்கக்கூடியது, எழுத முடியாவிட்டாலும் படிக்கவாவது முடிகிற ஒரு நிலை. 2024 டிசம்பரில், யாரும் திருத்தக்கூடிய வரைபடத் தளமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு இணைய இணைப்பு தந்த பக்கத்தில் கோளாறு ஏற்பட்டபோது, வேறொரு இடத்தில் இருந்த மாற்று மெஷின்களிலிருந்து தளத்தைப் படிக்க மட்டும் திறந்துவிட்டார்கள். எடிட் செய்ய முடியவில்லை, ஆனால் வரைபடம் தெரிந்தது. சின்னக் குழுவுக்கு அவ்வளவு வசதி இருக்காது. அவர்களுக்கு நிலவரம் சொல்லும் பக்கம் ஒன்றாவது வேண்டும், அதுவும் விழுந்த அதே சர்வரில் இல்லாமல்.