அரோரா எச்சரிக்கைச் செயலி: ரொம்ப நாள் வைத்திருந்தவன் சொல்கிறேன்

சந்தாவைக் குறைத்திருக்கிறார்களே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். துருவ வானில் தெரியும் அரோரா ஒளி வரப்போகிறது என்றால் எச்சரிப்பதுதான் செயலியின் வேலை, அதனால் நேரே புகாருக்கு வருகிறேன்.

பி-இசட், அதாவது சூரியக்காற்றின் காந்தப்புலத்தில் வடக்கு-தெற்கு அளவு, மைனஸுக்கு (தெற்குப் பக்கம்) இறங்கியதும் அலறுகிறது. தூக்கம் கெட்டு வெளியே ஓடினால் மங்கலாக ஒரு பச்சைக் கோடு, அவ்வளவுதான். சூரியக்காற்றின் (சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம்) காந்தப்புலம் தெற்கே திரும்பினால் பகல் பக்கத்தில் பூமியின் புலத்தோடு பிணைந்து, காந்தக்கோளத்தின் (பூமியின் காந்தப்புலம் ஆளும் வெளி) இரவுப் பக்கம் நீளும் வாலில் ஆற்றல் சேர ஆரம்பிக்கும் என்ற அடிப்படையை இயற்பியலாளர் டன்கி 1961லேயே சொல்லிவிட்டார். சேரவே பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். போதாததற்கு, அளவெடுக்கிற விண்கலம் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே எல்1 என்ற புள்ளியில் இருக்கிறது. நொடிக்கு 400 கிலோமீட்டரில் வரும் காற்று அங்கிருந்து நம்மிடம் வரவே ஒரு மணி நேரம். மோட்டார் போட்டவுடனே தொட்டி நிரம்பிவிட்டது என்று கத்தினால் எப்படி?

அதைவிட எரிச்சல், புலம் நெடுநேரம் தெற்கே இருந்துவிட்டு வடக்கே திரும்பும்போது ‘அமைதி’ என்று திரையைப் பச்சையாக்கிவிடும். சப்ஸ்டார்ம், அதாவது வாலில் சேர்ந்த ஆற்றல் திடீரென்று விடுபட்டு அரோரா பொங்குவது, பல முறை வெடிப்பதே அந்த நேரத்தில்தான்! சரி, நியாயமாகப் பேசுவோம். வடக்குத் திருப்பம்தான் அதைத் தூண்டிவிடுகிறதா, இல்லை தற்செயலாக ஒத்துப்போகிறதா என்று ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. வெளித்தூண்டல் எதுவும் தெரியாமலே வால் அறுபடுவதும் உண்டு. ஆனால் கடந்த ஒரு மணி நேரம் தெற்கே எவ்வளவு இருந்தது என்று கூட்டிக் காட்ட என்ன கஷ்டம்? அதை விட்டுவிட்டு பூமி முழுவதுக்குமான காந்தக் கலக்கத்தைச் சொல்லும் கே.பி எண்ணை மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாகக் காட்டுகிறது. சப்ஸ்டார்ம் வெடிக்கும் கட்டமோ பெரும்பாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும்.

அப்புறம் ஒரு மூலையில் தரைக் காந்தமானி வரைபடம் இருக்கிறது, அதுதான் தங்கம். கோடு மெல்லச் சரிந்துகொண்டே இருக்கும், திடீரென்று சில நிமிடங்களில் சில நூறு நானோடெஸ்லா (காந்தப்புல அலகு) கீழே விழும். அப்போது ஓடினால் வீணாகாது: அதுவரை அசையாமல் கிடந்த ஒளிவில்களில் பூமத்திய ரேகைப் பக்கம் உள்ளது முதலில் பளிச்சிடும், அதில் நெளிவுகள் வரும், பிறகு மொத்தமும் துருவத்தை நோக்கிப் பாயும். 1964இல் அரோரா ஆய்வாளர் அகாசோஃபு எழுதிய அதே வரிசை, கண்ணெதிரே.

அந்த வரைபடத்தை ஆய்வகத் தளங்களே இலவசமாகத் தருகின்றன, அதனால் வாங்காதீர்கள் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன். எனக்கு மட்டும் இன்னொரு வருடத்துக்குச் சந்தா கட்டியாயிற்று.