சிவப்புக் கண்ணாடி எல்லாம் 25-ஆம் எண் ஃபில்டர் ஆகிவிடாது

கருப்பு-வெள்ளை பிலிமில் படம் எடுப்பவர்கள், லென்ஸின் முன் மாட்டுவதற்காக, '25-ஆம் எண் சிவப்பு' என்று வளையத்தில் அச்சிட்டு இணையத்தில் மலிவாக விற்கப்படும் நிறக் கண்ணாடி ஃபில்டர்களை வாங்குமுன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு ஆகிய மூன்றும் அடங்கிய தொகுப்பு ஒன்றை, கண்ணாடியை வார்க்கும்போதே நிறம் கலக்கப்பட்டது என்ற விற்பனையாளரின் உறுதிமொழியின்பேரில் வாங்கி, தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றை இழந்திருக்கிறேன்.

25 என்பது வெறும் நிறப்பெயர் அன்று. கோடாக் நிறுவனத்தின் 'ராட்டன்' என்ற ஃபில்டர் வரிசையில் வரும் அந்த எண், எந்த ஒளியை விட வேண்டும், எதைத் தடுக்க வேண்டும் என்பதற்கான வரையறை. உண்மையான 25, நீலத்தையும் பச்சையையும் ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துச் சிவப்பை மட்டும் உள்ளே விடுவதால், தெளிந்த நீல வானம் படத்தில் கருத்து, வெயில் படும் பழுப்புக் கல் விமானம் அதன் முன்னே வெளிச்சமாக எழுந்து நிற்கும். 1927-இல் அமெரிக்காவின் யோசெமிட்டியிலுள்ள ஹாஃப் டோம் பாறையை மஞ்சள் ஃபில்டரில் எடுத்த ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், அது போதாதென்று இன்னும் அடர்ந்த 29-ஆம் எண் சிவப்புக்கு மாறியது இந்தக் கருமைக்காகத்தான். இதற்கு விலையும் உண்டு: 25-க்கு மூன்று ஸ்டாப் ஒளி கூடுதலாக, அதாவது எட்டு மடங்கு ஒளி, தர வேண்டும். ஐஎஸ்ஓ 400 உணர்திறனுள்ள பிலிமில், லென்ஸ் துளை எஃப்/16-இல் இருக்க, 1/500 நொடி போதுமான வெயிலில் 1/60 நொடிக்கு இறங்க வேண்டும்.

அவ்வாறே கணக்கிட்டு எடுத்தேன். கழுவி வந்த நெகட்டிவ்கள் தேவைக்கு மீறிய ஒளியால் அடர்ந்து கிடந்தன. அச்சில் வானமோ ஃபில்டரே போடாததுபோல் வெளுத்திருந்தது. அந்தக் கண்ணாடி மூன்று ஸ்டாப் ஒளியைத் தடுக்கவே இல்லை; நீலத்தைத் தாராளமாகக் கசியவிட்டிருக்கிறது. விற்பனையாளரிடம் முறையிட்டபோது, வானம் மூட்டமாக இருந்திருக்கும் என்று பதில் வந்தது. மூட்டமான வானத்தை எந்த ஃபில்டராலும் கருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் அதே சுருளில், அதே வேளையில், நண்பரின் பழைய 8-ஆம் எண் மஞ்சளை மாட்டி எடுத்த படத்தில் வானம் இந்தச் சிவப்பில் இருந்ததைவிடத் தெளிவாகக் கருத்திருந்தது. அந்தப் படத்தை அனுப்பிய பிறகு பதிலே இல்லை. தொகுப்பிலிருந்த மஞ்சளை லென்ஸ் துடைக்கும் திரவத்தால் துடைத்தபோது ஓரத்தில் சாயம் துணியில் ஒட்டியது. அது வார்ப்பில் கலந்த நிறம் அன்று, மேலே பூசிய சாயம்.

இதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். வெயிலில் அடர்நீலத் துணி ஒன்றைச் சிவப்பு ஃபில்டர் வழியே பாருங்கள். அது ஏறக்குறைய கருப்பாகத் தெரிய வேண்டும், ஊதாவாகத் தெரிந்தால் நீலம் கசிகிறது. குழல்விளக்கின் பிரதிபலிப்பைக் கண்ணாடிப் பரப்பில் விழச்செய்து மெல்லச் சாய்த்தால் கோடு நேராகவே நகர வேண்டும். நெளிந்தால் பரப்பு சமமாக இல்லை, நெடுந்தூர லென்ஸில் படம் கூர்மை இழக்கும். இணையத்தில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள்.

வண்ண டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் இதே தொகுப்பு பரிந்துரைக்கப்படுவதைப் பார்க்கிறேன். வண்ணத்தில் பதிந்த கோப்பைக் கருப்பு-வெள்ளையாக்கும்போது நீலத்தை மட்டும் தனியே கருக்க மென்பொருளே போதும் என்பதால், அவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கண்ணாடி தேவையே இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். எண் அச்சிட்ட பெட்டி, விற்பனைப் பக்கத்தின் படம், இரு நெகட்டிவ்கள் ஆகிய மூன்றையும் சான்றாக வைத்திருக்கிறேன். இதே தொகுப்பால் ஏமாந்தவர்களும் தம்மிடமுள்ள பெட்டியையும் ரசீதையும் எறிந்துவிடாமல் புகார் அளிக்க வேண்டுகிறேன்.