வகுப்பா, தளமா?

ஊறுகாய் ஆலையில் சேர்ந்தவர் ஆபத்தை எடைபோடக் கற்க இரண்டு வழி: ஹாசப் (HACCP, உணவில் ஆபத்து எங்கே நேரும் என்று கண்டறிந்து தடுக்கும் முறை) வகுப்பு, அல்லது உற்பத்தித் தளத்தில் மூத்தவரோடு நிற்பது.

வகுப்பு சில நாளில் முடிந்துவிடும். ஏழு கோட்பாடுகள், ஆபத்து நேரும் வாய்ப்பையும் அதன் கடுமையையும் பெருக்கிப் பார்க்கும் அட்டவணை, அப்புறம் ஒரு சான்றிதழ். பி.எச். (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6-க்குக் கீழே இருந்தால், காற்றில்லாத இடத்தில் பெருகிக் கொடிய நஞ்சு உண்டாக்கும் பாட்டுலிசம் கிருமி வளராது என்பதை நான் கற்றது அங்கேதான்.

தளம் வேறு மாதிரி. பூண்டு ஊறுகாயில் பி.எச். மீட்டர் 3.9 காட்டியதும் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற அக்கா கேட்டார்: "பூண்டுப் பல்லை அரைச்சுப் பார்த்தீங்களா தம்பி, இல்ல சாறை மட்டுமா?" அரைத்துப் பார்த்தேன். 4.8! புளிப்பு இன்னும் உள்ளே இறங்கவில்லை. எண்ணெய்க்கு அடியில் காற்றும் கிடையாது. அந்தக் கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே தளத்தில் மீட்டரை பஃபர் கரைசலில் (பி.எச். முன்பே தெரிந்த கரைசல்) சரிபார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. கேட்டால், "நேத்து சரியாத்தானே இருந்துச்சு" என்பார்கள். வகுப்பு முடித்தவருக்குத்தான் அது உறுத்தும்.

என்னைக் கேட்டால், முதலில் ஒரு மாதம் தளம், பிறகு வகுப்பு. அப்போதுதான் வகுப்பில் கேட்கக் கேள்வி இருக்கும்.