தருமபுரியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனை: உதட்டுக் கொப்புளத்துக்காகச் சென்ற அனுபவம்

4 வயது மகளின் கீழுதட்டோரம் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழும்பியபோது, வீட்டில் எல்லோரும் உடற்சூடு என்றே சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பாததால் தருமபுரியிலுள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். உள்ளங்கை, பாதம், வாயின் உட்புறம் எங்கும் புள்ளிகள் இல்லாததால் கை, கால், வாய் நோய் அன்று என்றும், தேன் நிறப் பொருக்கு இல்லாததால் பாக்டீரியாத் தொற்றாகவும் தெரியவில்லை என்றும் பொறுமையாக விளக்கிய மருத்துவர், இது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வருவது, முத்தத்தாலும் எச்சில்பட்ட டம்ளராலும் பரவக்கூடியது என்றார். வைரஸுக்குப் பயன்படாத ஆன்டிபயாட்டிக்கை எழுதாமல் விட்டது எனக்கு மிகவும் நிறைவளித்தது. கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கவிடக் கூடாது என்று இருமுறை எச்சரித்தார். 10 நாட்களுக்குள் புண் ஆறிவிட்டது. ஆனால், தொற்றுள்ள பிள்ளைகளையும் கைக்குழந்தைகளையும் ஒரே பெஞ்சில் காத்திருக்க வைப்பதை நிர்வாகம் உடனே மாற்ற வேண்டும்.