ஃபயர்ஃப்ளையா, பாபிலோன் 5-ஆ?

ஹட்டனில் எங்கள் தோட்டத்துத் தம்பிகள் இரண்டு பேர் டிசம்பர் லீவுக்கு எதைப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். இரண்டுமே விண்வெளியில் நடக்கும் அமெரிக்க டிவி தொடர்கள், இரண்டுமே எனக்கு உயிர்.

நேரம்: ஃபயர்ஃப்ளை (2002) 14 அத்தியாயம்தான், ஒரு வாரம் போதும். பாபிலோன் 5-க்கு 5 சீசன், 110 அத்தியாயம்.

டேட்டா: மழை பிடித்தால் இங்கே சிக்னல் படுத்துவிடும். 14-ஐ இறக்கி வைப்பது லேசு.

தொடக்கம்: ஃபயர்ஃப்ளை முதல் காட்சியிலேயே இழுத்துக்கொள்ளும். ஆனால் டிவியில் வந்த வரிசையில் பார்க்காதீர்கள், முதல் கதையைக் கடைசியில்தான் போட்டார்கள். பாபிலோன் 5-இன் முதல் சீசன் மெதுவானது.

கதை: ஃபயர்ஃப்ளையில் ஒரு சின்ன விண்கப்பலில் ஒன்பது பேர், லயத்தில் ஒரே கூரையின் கீழ் வாழ்வதுபோல. பாதியில் நிறுத்திவிட்டார்கள், 2005-இல் வந்த படம் கொஞ்சம் ஆறுதல். பாபிலோன் 5 ஐந்து வருடத்துக்குத் திட்டமிட்ட ஒரே கதை. 92 அத்தியாயங்களை, தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி தனியாகவே எழுதினார். அதில் வரும் வேற்றுக்கிரகத் தூதர்கள் லொண்டோவும் ஜிகாரும் பகையில் தொடங்கி எங்கே போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள், அந்த இருவருக்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

லீவு மட்டும்தான் என்றால் ஃபயர்ஃப்ளை. பரீட்சை முடிந்து மாதக்கணக்கில் வீட்டில் இருக்கும் தம்பிக்குப் பாபிலோன் 5.