விற்றவன் கதையில் எங்கே? அடிமை வாணிபம் பற்றிய நான்கு நாவல்கள்

அடிமைகளை வாங்கியது யார் என்பதில் எந்த நாவலுக்கும் குழப்பம் இல்லை. விற்றது யார் என்று கேட்டால்தான் நாவலாசிரியர்களின் குரல் மாறுகிறது. சிலர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். சிலர் அந்த இடத்திலேயே உட்கார்ந்து முழு நாவலையும் எழுதிவிடுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்க அடிமை வாணிபம் பற்றி எந்த நாவலைப் படிக்கலாம் என்று யாராவது கேட்டால், நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் புத்தகங்களைப் பிரிக்கிறேன்.

காரணம் இருக்கிறது. அட்லாண்டிக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி பேர். உயிரோடு கரை சேர்ந்தவர்கள் சுமார் 1.07 கோடி. இத்தனை பேரையும் ஐரோப்பியர்கள் உள்நாட்டுக்குள் நுழைந்து பிடித்துவிட முடியாது. மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் அவர்களைக் கடற்கரையிலேயே வாரிக்கொண்டு போயின. உள்ளேயோ வலுவான அரசுகள். அதனால் கோட்டை கட்டினார்கள், பல இடங்களில் உள்ளூர்த் தலைவர்களுக்கு நிலவாடகையும் கொடுத்தார்கள், ஆட்கள் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். விலையாகப் போனவை துப்பாக்கி, சாராயம், இரும்பு, துணி. அந்தத் துணியில் ஒரு பங்கு சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியிலிருந்து போன நீலத் துணி செனகல் கரையில் கிட்டத்தட்ட நாணயமாகவே புழங்கியது.

சரி, புத்தகங்களுக்கு வருவோம்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்தது. அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ 1976ல் வந்தது. தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்ற பெயரில் பலர் படித்திருப்பீர்கள். காம்பியா ஆற்றங்கரையில் ஜுஃபூரே என்ற ஊர். மேளம் செய்ய மரம் வெட்டப் போன குண்டா கிண்டே என்ற இளைஞன் 1767ல் பிடிபடுகிறான். ஊர் நடப்பு, பயிர், பள்ளி, ஆண்பிள்ளைகளுக்கான சடங்கு என்று நாவல் ஆற அமர நடக்கும் அந்த முதல் பகுதியை இன்றைக்கும் ஆசையாகப் படிக்க முடிகிறது. ஆனால் என் கேள்விக்கு இந்த நாவல் தரும் பதில் பலவீனமானது. பிடிக்க வரும் வெள்ளையர்களுக்கு உதவும் கறுப்பர்கள் இதில் இருக்கிறார்கள், நிழல்களாக இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு கிடையாது, கணக்கு கிடையாது, காரணமும் கிடையாது. ஊரோ வெளியுலகக் காற்றுப் படாத ஏதேன் தோட்டம். நிஜத்தில் ஜுஃபூரேக்கு எதிரே, ஆற்றின் நடுவிலேயே ஜேம்ஸ் தீவு இருக்கிறது. 1661லிருந்து அங்கே ஆங்கிலேயர் கோட்டை இருந்தது. குண்டா பிறப்பதற்கு ஏறக்குறைய தொண்ணூறு வருடம் முன்பே அந்த ஊர் வியாபாரத்தின் வாசலில் நின்றது என்று அர்த்தம்.

ஹேலி இதை வெறும் கதை என்று சொல்லவில்லை, தன் குடும்பத்தின் வரலாறு என்றார். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஊர்ப் பாணர் ஒருவர் வம்சாவளியைப் பாடக் கேட்டதாகச் சொன்னதை வரலாற்றாசிரியர்கள் தோண்டிப் பார்த்தார்கள். ஆவணங்கள் பல இடங்களில் ஒத்துவரவில்லை. ஹரால்ட் கூர்லாண்டர் என்பவரின் 1967ஆம் ஆண்டு நாவலிலிருந்து சில பகுதிகளை எடுத்திருக்கிறார் என்ற வழக்கு 1978ல் 6,50,000 டாலர் கொடுத்துச் சமரசத்தில் முடிந்தது. இதையெல்லாம் சொல்லி அந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் அமெரிக்காவையே தொலைக்காட்சி முன் உட்கார வைத்த கதை அது. அதை நாவல் என்று எண்ணிப் படித்தால் போதும்.

இதற்கு நேரெதிராக வைக்க வேண்டியது யா ஜியாசியின் ‘ஹோம்கோயிங்’, 2016. இதுவும் ஏழு தலைமுறைக் கதைதான். ஜியாசி கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். நாவலின் விதை ஒரே ஒரு கட்டடம்: கானா கடற்கரையில் இருக்கும் கேப் கோஸ்ட் கோட்டை. அந்தக் கோட்டையின் அமைப்பே நாவல் எழுதச் சொல்லும். தரைக்குக் கீழே ஆண்கள் அடைக்கப்பட்ட நிலவறை. அதற்கு நேர் மேலே தேவாலயம். அதற்கும் மேலே காற்றோட்டமான அறைகளில் ஆளுநர். ஜியாசி இந்த மாடிக்கணக்கை அப்படியே குடும்பக்கணக்காக்கினார். ஒரே தாய்க்குப் பிறந்து ஒருவரையொருவர் அறியாத இரு பெண்கள். எஃபியா ஃபாண்டி இனத்தவர் ஊரில் வளர்ந்து, வெள்ளைக்கார ஆளுநருக்கு மனைவியாகி மேலே வாழ்கிறாள். எசி அசாந்தே இனத்தவர் ஊரில் வளர்ந்து, பிடிபட்டு, அவள் காலடிக்குக் கீழே நிலவறையில் கிடக்கிறாள்.

விற்றவர்கள் யார் என்பதை இந்த நாவல் ஒளிக்கவில்லை. எஃபியாவின் ஊரே அந்த வியாபாரத்தில்தான் சாப்பிடுகிறது. அவளுடைய மகன் க்வே அதே தொழிலுக்குத் திரும்புகிறான். இன்னும் கூர்மையான இடம் எசியின் வீடு. அவள் அப்பா பெரிய வீரர். வீட்டில் அப்ரோனோமா என்ற அடிமைச் சிறுமி இருக்கிறாள். அந்தச் சிறுமிக்கு இரங்கி அவளுடைய அப்பாவுக்கு எசி சேதி அனுப்ப, அதன் விளைவாக ஊரே தாக்கப்படுகிறது, எசி அடிமையாகிறாள். நேற்று வரை எஜமானி வீட்டுப் பெண், இன்று நிலவறையில். பாவம் என்று யாரைச் சொல்வது என்று வாசகருக்குப் புரியாமல் போகிறது. ‘ரூட்ஸ்’ ஒருபோதும் நம்மை இந்த நிலைக்குக் கொண்டுவருவதில்லை.

குறையும் இருக்கிறது. 14 அத்தியாயம், 14 மனிதர்கள், கிட்டத்தட்ட 300 பக்கம். ஒருவரோடு மனசு ஒட்டத் தொடங்கும்போது அவருடைய அத்தியாயம் முடிந்துவிடும். அலபாமா நிலக்கரிச் சுரங்கத்தில் கைதியாக வேலை வாங்கப்படும் எச் என்பவனின் அத்தியாயம் தனி நாவலாகியிருக்க வேண்டியது. நிகழ்காலத்தை நெருங்க நெருங்கக் கதையின் பிடி தளர்கிறது, கடைசி அத்தியாயம் கொஞ்சம் செய்துவைத்த மாதிரி இருக்கிறது. முதல் ஆறு அத்தியாயங்களுக்காக மட்டுமே வாங்கலாம் என்பது என் கட்சி.

ஒரே ஒரு ஆளோடு கடைசிவரை நடக்க வேண்டும் என்பவர்களுக்கு லாரன்ஸ் ஹில்லின் ‘த புக் ஆஃப் நீக்ரோஸ்’ இருக்கிறது. கனடாவில் 2007ல் வெளிவந்தது. தலைப்புக்கு அமெரிக்காவில் பதிப்பாளர்கள் பயந்து வேறு பெயர் வைத்தார்கள். ஆனால் அந்தத் தலைப்பு ஓர் உண்மையான ஆவணத்தின் பெயர். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் வந்த கறுப்பர்கள் 1783ல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியபோது, சுமார் 3,000 பேரின் பெயர், வயது, உடல் வர்ணனை, முன்னாள் எஜமானர் என்று ஒரு பேரேடு எழுதப்பட்டது. பெரும்பாலானோர் போனது இன்றைய கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியாவுக்கு. அந்தக் குளிரையும் ஏமாற்றத்தையும் தாங்காமல் 1792ல் 1,200 பேர் அளவில் 15 கப்பல்களில் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் போனார்கள். ஹில் இந்தப் பாதை முழுவதையும் அமினாட்டா என்ற ஒரு பெண்ணின் காலில் கட்டிவிட்டார்.

அமினாட்டா பதினொரு வயதில் பிடிபடுகிறாள். அம்மா பிரசவம் பார்ப்பவள், அப்பா எழுத்தறிந்த முஸ்லிம். அந்த இரண்டு வித்தைகளும்தான் அவளைக் காப்பாற்றுகின்றன. உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு மாதக்கணக்கில் நடத்திக் கூட்டிப்போகும் அந்த நடையை இவ்வளவு விரிவாக எழுதிய நாவல் இந்த நான்கில் வேறு இல்லை. கப்பலைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். கப்பலுக்கு முன்னால் இருந்த இந்த நடையில் செத்தவர்களை அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை. பிடித்துப் போகிறவர்களுக்கு எடுபிடியாக வரும் செக்கூரா என்ற பையனை ஹில் இங்கே நம்மோடு பழக வைக்கிறார். கடற்கரை வந்ததும் அவனையும் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். ‘ரூட்ஸ்’ நிழலாக விட்ட ஆளுக்கு இங்கே முகமும் வயதும் பசியும் கிடைக்கின்றன. பல வருடம் கழித்து ஊர் திரும்ப ஆசைப்படும் அமினாட்டா உள்நாட்டுக்குப் போக வியாபாரி ஒருவனைத் துணைக்குப் பிடிக்கிறாள். அவன் அவளை மறுபடி விற்கப் பார்க்கிறான். அந்த இடத்தில் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன். என் புகார் ஒன்றே: எல்லா வரலாற்றுச் சம்பவங்களுக்கும் அமினாட்டா சரியான நேரத்தில் ஆஜராகிவிடுகிறாள். அது நம்பும்படி இல்லை. ஆனாலும் அவள் குரல் இழுத்துக்கொண்டே போய்விடுகிறது.

நான்காவது நாவலில் கப்பலே இல்லை. ஆயிஷா ஹருனா அட்டாவின் ‘த ஹண்ட்ரட் வெல்ஸ் ஆஃப் சலாகா’, 2018. கானாவின் வடக்கே இருக்கும் சலாகா, மென்று தின்னும் கோலாக் கொட்டைக்கும் அடிமைகளுக்கும் பெயர்போன சந்தை. காலம் 19ஆம் நூற்றாண்டின் கடைசி. பிரிட்டன் 1807லேயே தன் கப்பல்களுக்கு அடிமை வாணிபத்தைத் தடைசெய்துவிட்டது. சந்தையோ நடந்துகொண்டே இருக்கிறது. வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் ஆப்பிரிக்கர்கள்தான். ஒரு பக்கம் குதிரைவீரர்கள் ஊரை எரித்துப் பிடித்துவரும் அமினா. மறுபக்கம் அவளை விலைக்கு வாங்கும் இளவரசி வூர்சே. வூர்சே தன் அப்பாவின் அரசியலில் இடம் கேட்டுச் சண்டை போடுகிறவள், கட்டாயக் கல்யாணத்தில் மூச்சுத் திணறுகிறவள். நாம் அவளுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் ஆளை விலைபேசுகிறாள். தன்னுடைய கொள்ளுப்பாட்டியின் அம்மா அந்தச் சந்தையில் வந்து சேர்ந்த அடிமை என்று அட்டா சொல்லியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, விற்றவர்களைத் திட்டவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. மொழி கொஞ்சம் அவசரம், முடிவு இன்னும் அவசரம். ‘ஹோம்கோயிங்’கின் மெருகு இதில் கிடையாது. என் கேள்விக்கு நேரான பதில் மட்டும் இங்கேதான் கிடைத்தது.

பாரி அன்ஸ்வொர்த்தின் ‘சேக்ரட் ஹங்கர்’ ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 1992ல் புக்கர் பரிசைப் பகிர்ந்துகொண்ட பெரிய நாவல், கப்பல் மருத்துவர் வழியாகவும் லிவர்பூல் முதலாளி வழியாகவும் பணத்தின் கதையைச் சொல்கிறது. காப்பீட்டுக் கணக்குக்காக நோயாளிகளைக் கடலில் வீசும் கொடூரம் 1781ல் சோங் என்ற அடிமைக் கப்பலில் உண்மையாகவே நடந்தது. 130 பேருக்கு மேல். வாங்கியவன் மனசு எப்படி இயங்கியது என்று தெரிய வேண்டுமா, இதைவிட நல்ல நாவல் எனக்குத் தெரியாது. ஆப்பிரிக்கா அதில் கரையோரமாக வந்து போவதால்தான் இந்தப் பட்டியலுக்கு வெளியே வைத்தேன்.

ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் ‘த புக் ஆஃப் நீக்ரோஸ்’. ஆங்கில நாவலுக்குப் புதியவர் என்றால் ‘ஹோம்கோயிங்’, சின்னச் சின்ன அத்தியாயங்கள் துணைவரும். இரண்டு படித்தவர்கள் மூன்றாவதாகச் சலாகாவுக்குப் போகட்டும். முதலிலேயே போனால் கப்பல் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். ‘ரூட்ஸ்’ கிட்டத்தட்ட 700 பக்கம். அதைக் கடைசியில் வையுங்கள். அப்போது ஜுஃபூரே பக்கங்களைப் படிக்கையில் ஆற்றின் நடுவே ஒரு கோட்டையை நீங்களே நட்டுக்கொள்வீர்கள். அந்த ஜேம்ஸ் தீவுக்கு 2011ல் பெயர் மாற்றினார்கள். இப்போது அது குண்டா கிண்டே தீவு.