கருப்பு ஃபிலிமா, செராமிக்கா, வலைத்திரையா? டெல்லி வெயிலுக்கு ஓர் ஒப்பீடு

டெல்லி கரோல் பாக்கில் கார் சாமான் விற்கும் கடைகளில் ஒரு வித்தை காட்டுவார்கள். சிவப்பாக எரியும் ஹீட் லேம்ப் ஒன்று. அதன் முன்னால், கார் கண்ணாடியில் வெயிலைத் தடுக்கப் போடும் ஃபிலிம்கள் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் கையை வைக்கச் சொல்வார்கள். புதுக் கார் வாங்கிய மச்சினனோடு போன மே மாதம் போயிருந்தேன். வெறும் கண்ணாடியில் கை சுட்டது. கருப்பு ஃபிலிமில் சூடு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். வெறும் கண்ணாடி போலவே பளிச்சென்று இருந்த செராமிக் ஃபிலிமின் பின்னால் சூடே தெரியவில்லை.

"மாமா, கருப்புதானே குளிர்ச்சியா இருக்கணும்?" என்றான்.

இருக்க வேண்டியதில்லை. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். சாயம் ஏற்றிய கருப்பு ஃபிலிம் பிடித்து வைப்பது வெளிச்சத்தை. அகச்சிவப்பில் பெரும்பகுதி தாராளமாக உள்ளே வந்துவிடும். செராமிக்கின் நுண்துகள்கள் அந்தக் கதிரையே குறிவைக்கின்றன. மலிவான சாயம் சில வருட வெயிலில் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும் என்பது தனிக் கதை.

ஆனால் விளக்கு வித்தையை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த விளக்கில் பெரும்பகுதி அகச்சிவப்புதான், சூரியன் அப்படியல்ல. '95% வெப்பம் தடுக்கும்' என்று அட்டையில் போட்டிருந்தால் பெரும்பாலும் அது அகச்சிவப்புக் கணக்கு மட்டுமே. டி.எஸ்.இ.ஆர். எவ்வளவு என்று கேளுங்கள். மொத்த சூரிய ஆற்றலில் எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. எப்போதும் அட்டை எண்ணைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும்.

சட்டம்? முன், பின் கண்ணாடி வழியே 70% வெளிச்சமும் பக்கக் கண்ணாடி வழியே 50% வெளிச்சமும் வர வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி 100. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், எந்த அளவிலும் கருப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்றது. 2021 ஏப்ரலில் விதித் திருத்தம் ஒன்று அமலுக்கு வந்தது. அதைக் காட்டி, 70/50 அளவுக்கு உட்பட்ட ஃபிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. அது கேரளத்துத் தீர்ப்பு. டெல்லியில் வண்டியை ஓரங்கட்டச் சொல்பவரிடம் அதை நீட்டி வாதாடும் பொறுமை எனக்கு இல்லை. கருப்பு ஃபிலிம் தூரத்திலிருந்தே கண்ணில் படும். தெளிவான ஃபிலிம் படாது. நடைமுறை வித்தியாசம் அவ்வளவே.

கடைக்காரர் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. புதுக் காரின் பக்கக் கண்ணாடி வழியே ஏற்கெனவே 75% வெளிச்சம்தான் வருகிறது என்று வையுங்கள். அதன்மேல் '50' என்ற, அதாவது 50% வெளிச்சத்தை விடும் ஃபிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 50 இல்லை, 37.5. '70' ஒட்டினால் 52.5, தப்பித்தோம். இதே கணக்கைப் போட்டால், 70% வேண்டியிருக்கும் முன் கண்ணாடியில் ஃபிலிமுக்கு இடமே இல்லை. அடுக்குக் கண்ணாடி என்பதால் புற ஊதாக் கதிரை அது தானாகவே பெருமளவு தடுத்துவிடும். அங்கே ஒட்டச் சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள்.

எனக்கும் கருப்பு மோகம் இருந்ததுதான். பழைய காரில் அடர்த்தியாக ஒட்டி வைத்திருந்தேன். ஜனவரி மூடுபனி இரவு ஒன்றில் ரிவர்ஸ் எடுத்தபோது குடியிருப்பின் தூண் தெரியவே இல்லை, பம்பர் போனது. 2012 தீர்ப்புக்குப் பிறகு அவசரமாக உரித்தபோது, பின் கண்ணாடியில் படியும் பனியைச் சூட்டால் நீக்கும் டிஃபாகர் கோடுகளும் பசையோடு சேர்ந்து வந்துவிட்டன. அடுத்த குளிர்காலம் முழுக்க துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உலோகப் பூச்சு ஃபிலிம் வெப்பத்தை நன்றாகத் திருப்பும், கூடவே செல்போன், ஜிபிஎஸ் சிக்னலையும் படுத்தும். நான் வாங்க மாட்டேன்.

காந்தத்தில் ஒட்டும் வலைத்திரை மலிவு, கழற்றவும் எளிது. ஆனால் ஓடும் வண்டியில் மாட்டினால் அதற்கும் அபராதம் வரலாம்; கருப்பு ஃபிலிமோடு 'வேறு எந்தப் பொருளும்' கூடாது என்றும் அதே 2012 தீர்ப்பில் இருக்கிறது. நிறுத்திய வண்டிக்கு மட்டும் என்றால் சரி.

உள்ளேயே தூங்க வசதியுள்ள கேம்பர் வேன் எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போகிறவர்கள் அந்தரங்கத்துக்காகக் கருப்பு ஒட்ட நினைப்பதுண்டு. இரவில் உள்ளே விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழ்: வெளியே இருப்பவருக்கு நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள், உங்களுக்கு அவர் தெரிய மாட்டார். நிறுத்திய பிறகு இழுத்துவிடும் தடித்த திரைச்சீலைதான் அங்கே வேலைக்கு ஆகும்.

மச்சினன் பக்கக் கண்ணாடிகளுக்கு '70' செராமிக் ஒட்டிக்கொண்டான். முன்னால், வண்டி நிற்கும்போது விரிக்கும் வெள்ளி நிற மடிப்புத் திரை. டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் கொதிக்காமல் காப்பதில் ஃபிலிமைவிட அதற்குத்தான் என் ஓட்டு. விலையும் அதைவிட எவ்வளவோ குறைவு. ஒட்டி முடித்ததும் கடையில் மீட்டர் வைத்து அளக்கச் சொன்னோம். 53 காட்டியது. அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொன்னதற்குக் கடைக்காரர் முறைத்தார், ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.